மூத்தவர்கள் நடுவே ஒரு 18 வயது: ஜாஸை எப்படி ரசிப்பது?

ஜாஸ் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். மேடையில் இருப்பவர்களில் வயதில் இளையவர் யார் என்று பாருங்கள். அவரைச் சுற்றி மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். இந்தப் பயிற்சிக்கு, 1964 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் பில்ஹார்மானிக் ஹாலில் மைல்ஸ் டேவிஸ் குழு வாசித்த ‘ஸோ வாட்’டைவிடப் பொருத்தமான பதிவு எனக்குத் தெரிந்து இல்லை. ‘ஃபோர் அண்ட் மோர்’ என்ற ஆல்பத்தில் முதலாவதாக இருக்கிறது. டிரம்ஸ், டோனி வில்லியம்ஸ். அன்றைக்கு அவருக்கு வயது 18.

பாஸ்டனில் வளர்ந்து, டிரம்ஸ் கலைஞர் ஆலன் டாசனிடம் கற்றவர். சாக்ஸபோன் கலைஞர் ஜாக்கி மெக்லீன் அவரை நியூயார்க்குக்கு அழைத்துவந்தார். 1963இல், 17 வயதில், மைல்ஸ் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். மது பரிமாறும் கிளப்புகளில் வாசிப்பதற்கான வயதுகூட ஆகவில்லை. உடன் வாசித்தவர்கள்: டிரம்பெட்டில் 37 வயது மைல்ஸ், சாக்ஸபோனில் ஜார்ஜ் கோல்மன், பாஸில் ரான் கார்ட்டர், பியானோவில் 23 வயது ஹெர்பி ஹான்காக்.

நேராக இந்த 1964 பதிவுக்குப் போய்விடாதீர்கள். முதலில் 1959இல் வந்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் உள்ள ‘ஸோ வாட்’டைக் கேளுங்கள். அங்கே டிரம்ஸ் ஜிம்மி காப். பாஸ் ஒரு வரி சொல்லும்; மற்ற வாத்தியங்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்லும். நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார்; எட்டு பார் ஒரு பகுதி; இப்படி நான்கு பகுதிகள். மூன்றாவதில் மட்டும் எல்லாமே அரை ஸ்வரம் மேலே ஏறும், நான்காவதில் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். யார் தனியாக வாசித்தாலும் இந்தச் சுற்றுதான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அந்த ஏற்றம் காதுக்குத் தானாகப் பிடிபடும்வரை, சலிக்காமல் கேளுங்கள். இதில் செலவிடும் நேரம் எதுவும் வீண்போகாது.

பிறகு 1964. வேகம் திகைக்க வைக்கும். தாளம் போடும் கையை ரான் கார்ட்டரின் பாஸிடம் ஒப்படைத்துவிடுங்கள். பாருக்கு நான்கு ஸ்வரம் என்று அவர் நடந்துகொண்டே இருப்பார். அடுத்து டோனியின் ரைட் சிம்பலைத் தேடுங்கள். மெல்லிய, இடைவிடாத ஓசை அது. அதற்குப் பிறகுதான் ஸ்னேர், பேஸ் டிரம். இவை எதிர்பாராத இடத்தில் விழும். கீர்த்தனைக்கு வாசிக்கும் நல்ல மிருதங்கக்காரர் பாடுகிறவரின் மூச்சறிந்து நிரப்புவார், விடுவார். அதே கவனம் இங்கேயும் இருக்கிறது, ஆனால் டோனி சில சமயம் தனியாக வாசிப்பவரைச் சீண்டவும் செய்கிறார்.

இப்போது மூத்தவர்களிடம் வாருங்கள். மைல்ஸ் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு டிரம்பெட்டை நிறுத்தும் இடங்களில் டோனி என்ன செய்கிறார்? அந்தப் பதிலுக்குப் பிறகு மைல்ஸின் அடுத்த வாக்கியம் மாறுகிறதா? ஹான்காக் எப்போது வாசிக்கிறார், எப்போது சும்மா இருக்கிறார்? எனக்கு இந்தப் பதிவின் உயிரே இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. தலைவர் இடம் விடுகிறார். பையன் அதைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்கிறான்.

மைல்ஸுக்கு இந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் 1945 நவம்பர் 26 எனக்கு நினைவுக்கு வரும். அன்று சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கருடன் சவாய் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 19. ‘கோ-கோ’ என்ற அதிவேக உருப்படி வந்தபோது டிரம்பெட்டை டிஸ்ஸி கில்லெஸ்பிதான் வாசித்தார். ஆனாலும் ‘நௌஸ் த டைம்’ போன்ற மற்ற உருப்படிகளில் பார்க்கர் மைல்ஸையே வாசிக்க வைத்தார். அடுத்த மாதம் 12ஆம் தேதி டோனி பிறந்தார். பெரியவர்கள் நடுவே சின்னவனாக நிற்பது எப்படியிருக்கும் என்பது மைல்ஸுக்குத் தெரியும் என்றே நம்புகிறேன்.

1964இன் அந்த இரவின் சூட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மிசிசிப்பியிலும் லூசியானாவிலும் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய நிதி திரட்டிய நிகழ்ச்சி அது. ஊதியம் இல்லை என்பதால் குழுவுக்குள் மனத்தாங்கல் இருந்ததாக மைல்ஸ் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அதே மேடையில் வாசித்த மெதுவான பாடல்கள் ‘மை ஃபன்னி வேலன்டைன்’ என்ற தனி ஆல்பமாக வந்தன. அதையும் அதே மாலையில் கேளுங்கள், ஆனால் வேகமானதைக் கேட்ட பிறகு. அதே 18 வயதுக்காரர் அங்கே எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பது அப்போதுதான் காதில் விழும்.