சைக்கிளுக்குப் பணம் உண்டு, பாதைக்கு?

மேலை நாட்டு நகரங்களில் ஒரு வகை மானியம் உண்டு. ஆள் ஒருவர், கார் ஒன்று என்று போவதைக் குறைக்க, மக்களை நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ பஸ் ஏறவோ வைக்கிற வேலைகளுக்கு அரசு பணம் கொடுக்கும். அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, நம்ம பக்கம் இதற்கு இணையாக என்ன இருக்கு என்று யோசித்தேன். கடலூரிலும் சிதம்பரத்திலும் 'தனியாகக் காரில்' என்பதை 'தனியாக பைக்கில்' என்று மாற்றிப் படித்தால் போதும், கேள்வி அப்படியே பொருந்தும்.

பார்த்தால், நம்மிடம் இருப்பது சின்னத் தொகை இல்லை. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்தச் செலவை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. இவை இரண்டையும் மானியம் என்று நாம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவை பைக்கைக் குறைக்க வந்த திட்டங்கள் அல்ல. சைக்கிள், பிள்ளைகள் படிப்பை நிறுத்தாமல் இருக்க வந்தது. இலவசப் பயணம், பெண்களின் கையில் காசு நிற்க வந்தது. மாநிலத் திட்டக்குழு ஆய்வு ஒன்று, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது. அந்தக் கணக்கில் இது வெற்றிதான். அதை நான் குறை சொல்லவில்லை.

என் விமர்சனம் வேறு. பணம் பொருளுக்குப் போகிறது, டிக்கெட்டுக்குப் போகிறது. வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும், பள்ளிக்கூட கேட் வரைக்கும் இருக்கிற அந்த வழிக்கு இந்தத் திட்டங்களில் பைசா கிடையாது.

சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன்னில் கிடைக்கிறது. ரெண்டு வருஷம் ஓடும். அப்புறம்? கடலூர்–சிதம்பரம் தேசிய நெடுஞ்சாலையில், ஆலப்பாக்கமோ புதுச்சத்திரமோ, லாரிக்கும் பஸ்ஸுக்கும் பக்கத்தில் பதினாறு வயதுப் பெண் மிதித்துப் போகிறாள் என்றால், வீட்டில் இருப்பவர்களுக்கு அவள் வந்து சேரும்வரை நிம்மதி இருக்காது. தம்பிக்கோ அண்ணனுக்கோ பைக் வாங்கித் தந்து 'கூட்டிட்டுப் போ' என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த தீர்வு. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடுவில் அரசே எதிர்த்திசையிலும் போனது. 2018 பிப்ரவரியில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்று ஒரு திட்டம் தொடங்கியது, பிறகு நின்றுபோனது. அதை வாங்கிய பெண்களின் தேவை உண்மையானது. ஆனால் பதினாறு வயதில் சைக்கிள் கொடுத்த அரசே, வேலைக்குப் போகிற வயதில் ஸ்கூட்டருக்குப் பணம் கொடுக்கிறது என்றால், நடுவில் சைக்கிள் ஓட்ட முடியாத சாலை ஒன்று இருக்கு என்று அதுவே ஒப்புக்கொள்கிற மாதிரிதான்.

பஸ்ஸுக்கு வருவோம். நிரல் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு விதியைப் பார்த்தால் அதன் நிபந்தனைதான் முதலில் கண்ணில் படும். இங்கே நிபந்தனை பயணத்தின் மீது இல்லை, பஸ்ஸின் வகை மீது இருக்கிறது. டவுன் பஸ் என்றால் இலவசம். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர். நேராகப் போவது மொபசல் பஸ், இல்லையென்றால் தனியார் பஸ். ரெண்டிலும் டிக்கெட் எடுக்கணும். ஆட்சியர் அலுவலகம் இருப்பது கடலூரில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு போகிற அம்மா, ஊருக்குள் இலவசமாக வந்து, மாவட்டத் தலைநகருக்குக் காசு கொடுத்துப் போகிறார். விதியை மாற்றவே முடியாது என்பதில்லை. 2024-25 பட்ஜெட்டில் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கு இதே சலுகையை விரித்தார்களே.

மூன்றாவது நடை. இதற்குத்தான் யாரும் எதுவும் கொடுப்பதில்லை. சிதம்பரம் மாதிரி நடக்கத் தோதான ஊர் எத்தனை இருக்கும்? மேடு பள்ளமில்லாத சமதளம், கோயிலைச் சுற்றி நாலு அகலமான தேரோடும் வீதிகள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் தரிசனத்துக்கும் தேர் ஓடும் நாளில் அந்த வீதிகள் கால்களுக்குத்தான் சொந்தம். ஊர் ஒன்றும் நின்றுபோவதில்லை. திருவிழா என்பதால் பொறுத்துக்கொள்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் இடம் இல்லை என்ற சாக்கு மட்டும் அங்கே செல்லாது.

அமெரிக்காவில் 2005இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம், பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தும் சைக்கிளிலும் போவதற்கென்றே நிதி ஒதுக்கியது. அதில் 10 முதல் 30 சதவீதம்தான் பயிற்சி, விழிப்புணர்வு போன்றவற்றுக்கு. மீதி முழுக்க நடைபாதை, சாலையைக் கடக்கும் இடம் போன்ற கட்டுமானத்துக்கு. காரிலேயே வாழ்கிற நாடு அது. அங்கே போட்டிருக்கிற கணக்கு இது.

நம்மிடமும் தாளில் குறை இல்லை. 2006 தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்றது. சென்னை மாநகராட்சி 2014இல் தன் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாகக் கொள்கை வைத்தது. சென்னைக்கு ஆகும் என்றால், 2021இல் மாநகராட்சியான கடலூருக்கு ஏன் ஆகாது?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளுக்குச் செலவிடும் ஒவ்வொரு பத்து ரூபாயோடும் ஒரு ரூபாயை, அந்தப் பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் சாலைக்கு என்று சேர்த்து ஒதுக்கலாம். பஸ் நிறுத்தத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போக ஒரு கொட்டகை போடலாம். மாவட்டத் தலைநகருக்குப் போகும் சாதாரண பஸ்ஸில் டிக்கெட்டை எடுத்துவிடலாம். சைக்கிள் கொடுத்த நாளில் போட்டோ எடுக்கிறோம். மூணு வருஷம் கழித்து அதே சைக்கிள் எங்கே நிற்கிறது என்று ஒரு முறை போய்ப் பார்த்தாலே, பாதைக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்துவிடும்.