முதுகிலிருந்து வாய்வரை

கத்திப் பிரியர்கள் கூடினால் பேச்சு முதலில் எஃகைப் பற்றித்தான் போகும். நான் முதலில் பார்ப்பது, அலகைத் தேய்த்திருக்கும் வடிவத்தை. முதுகின் தடிமன் வாய்க்கு வரும்வரை எப்படிக் கரைகிறது என்பதில்தான் செய்தவரின் மனம் தெரியும்.

அமெரிக்கக் கைவினைக் கத்திகளில் இரு பெரும் பெயர்கள் பாப் லவ்லெஸ், பில் மோரன். கலிபோர்னியாவில் வாழ்ந்த லவ்லெஸ், எஃகுப் பட்டையை அறுத்துத் தேய்த்தே கத்தியை உருவாக்கியவர். அவர் பரவலாக்கிய 154 சிஎம் எஃகில் கார்பன் சுமார் 1 சதவீதம், குரோமியம் 14, மாலிப்டினம் 4. துரு எளிதில் அண்டாது. கூர் நெடுநேரம் நிற்கும். அலகின் பக்கங்களைச் சக்கரத்தில் பிடித்து உட்குழிவாகத் தேய்ப்பார். வாய்க்கு மேலேயும் வெகுதூரம் அலகு மெல்லியதாகவே இருக்கும். மான் தோலை உரிக்க இதைவிடச் சுகமான வடிவம் இல்லை. எலும்பில் ஓங்கி வெட்டினால்தான் அந்த வாய் பெயரும்.

மேரிலாந்தின் மோரன் உலையும் சம்மட்டியுமாக வாழ்ந்தவர். அடுக்கடுக்காகப் பற்றவைத்து அடித்த டமாஸ்கஸ் கத்திகளை 1973-இல் அவர் காட்சிக்கு வைத்ததும் எல்லோர் கண்ணும் அலகில் ஓடிய வரிகளில் நின்றது. எனக்கு அவருடைய வாய்தான் பெரிது. பக்கங்கள் மெல்லப் புடைத்து, இடையில் ஒரு கோடுகூட விழாமல் கூரில் போய் முடியும். பின்னால் எஃகு நிறைய இருப்பதால் மரத்தை வெட்டினாலும் நெளியாது, சிக்காது. 1976-இல் அவர் நிறுவிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தின் தேர்வைப் பாருங்கள்: தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரச் சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும், பிறகும் அதே வாய் மயிரை மழிக்க வேண்டும், முடிவில் வைஸில் மாட்டி 90 டிகிரி வளைத்தால் அலகு முறியக் கூடாது.

வாய் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் இருந்தால்தான் அந்த வளைவைத் தாங்கும். ஜப்பானிய வாள் கொல்லர்கள் இதைக் களிமண்ணால் சாதித்தார்கள். வாயில் மெல்லியதாகவும் முதுகில் தடிப்பாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். வாய் சட்டென்று குளிர்ந்து இறுகும். முதுகு மெதுவாகக் குளிரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெண்புகையாக ஓடும் கோடுதான் ஹமோன். இறுகிய வாய் சில்லு பெயரக்கூடியது. அதைக் காப்பது, பக்கங்களில் கொல்லர் விட்டுவைத்த நிகு என்னும் மெல்லிய புடைப்பு. தலைமுறை தலைமுறையாக மெருகேற்றிய வாள்கள் சிலவற்றில் அது கரைந்தே போயிருக்கும். ஹமோன் எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் அப்படிப்பட்ட வாளைப் பார்க்க எனக்கு மனம் நோகும். போன புடைப்பை எந்த மெருகாளராலும் திரும்ப வைக்க முடியாது.