ஏரி வாரியமும் பச்சைச் சீட்டும்

2021 அக்டோபரில், 6, 9 தேதிகளில் இரு கட்டங்களாக நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமத்து வாக்காளர் ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுகள் வந்தன. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஊரில் அதிகச் சத்தம் எப்போதும் இளஞ்சிவப்புச் சீட்டுக்குத்தான். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வருகிறவரின் சின்னம் பூட்டு சாவியாக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். நோட்டீஸில் உள்ள வாக்குறுதிகள் மட்டும் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. ஏரி தூர்வாரப்படும், வரத்துக்கால் சீர் செய்யப்படும், சீமைக்கருவேலம் வேரோடு அகற்றப்படும், தெருவெங்கும் மரக்கன்று, குப்பையில்லா ஊராட்சி.

பட்டியலில் முதலில் நிற்கும் ஏரியை எடுத்துக்கொள்வோம். 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தூர்வாருகிறேன் என்று கைகூப்பும் ஊராட்சித் தலைவருக்கு இந்த இரண்டிலும் நேரடி அதிகாரம் இல்லை. சின்ன ஏரிகளைக் கையில் வைத்திருப்பது ஒன்றியம். அந்த ஒன்றியத்துக்கு ஆள் அனுப்புவது பச்சைச் சீட்டு. வண்ணம் தேர்ந்தெடுத்த அதிகாரி இதை நினைத்திருக்கமாட்டார், ஆனாலும் பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது. இதில் இன்னொரு வினோதமும் உண்டு. தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பச்சை, மஞ்சள் சீட்டுகளில் உண்டு. ஏரியைப் பற்றி ஊர் பேசும் தேர்தல் ஒன்று, ஏரியைத் தீர்மானிக்கும் தேர்தல் இன்னொன்று. இரண்டாவதில் பேச்சு ஏரியை விட்டுக் கட்சிக்கு நகர்ந்துவிடுகிறது.

இதைச் சொல்வதால் பசுமைப் பிரசாரம் வெறும் வாய்ப்பந்தல் என்றாகிவிடாது. அதன் பலம் நெருக்கத்தில் இருக்கிறது. சட்டமன்ற வேட்பாளர் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதாகச் சொன்னால் யாராலும் அளந்து பார்க்க முடியாது. ஊராட்சி வேட்பாளர் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் 20 வேப்பங்கன்று வைப்பதாகச் சொன்னால், அதில் எத்தனை நிற்கிறது என்று மாடு ஓட்டிப் போகிறவர் எண்ணிச் சொல்லிவிடுவார். தலைவரும் அதே தெருவில்தான் குடியிருக்கிறார், அதே டேங்க் தண்ணீரைத்தான் குடிக்கிறார். அந்த நெருக்கம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த மாவட்டம் பார்த்துவிட்டது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் ஐந்து ஆண்டுகள் இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே கிடையாது. தனி அலுவலர்கள் கையெழுத்திட்டார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால்கூட யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஊருக்குத் தெரியவில்லை.

நெருக்கம் எதைச் சாதிக்கும் என்பதற்கு நல்ல சாட்சி குத்தம்பாக்கம். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர், 1996-ல் காஞ்சிபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட செங்கல்பட்டு - எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு தேர்தலில் தலைவரான இளங்கோ ரங்கசாமி வேதிப் பொறியியல் படித்தவர், மத்திய அரசின் ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். உள்ளூர் மண்ணில் அழுத்திச் செய்த கல்லால் வீடு கட்டினார். அரசின் சமத்துவபுரத் திட்டத்தில் வெவ்வேறு சாதியார் ஒட்டி வாழும் இரட்டை வீடுகளை எழுப்பினார். கழிவுநீர்க் கால்வாய்க்கு, வீணாகக் கிடந்த கருங்கல் துண்டுகளைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். அதற்குக் கிடைத்தது பாராட்டுப் பத்திரமல்ல, பதவி இடைநீக்கம். மதிப்பீட்டில் எழுதியபடி வேலை நடக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. ஊரார் கூடி அவர் பக்கம் நின்றபிறகுதான் மீண்டும் நாற்காலி கிடைத்தது. சிக்கனமாக, உள்ளூர்ப் பொருளால், சூழலுக்குக் கேடில்லாமல் ஒரு வேலையைச் செய்தால் அதை அனுமதிக்கும் கட்டம் படிவத்தில் இல்லை என்பது அன்றைய நிலை. இன்றும் ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர்தான், தலைவரை நீக்கும் நடவடிக்கையும் அவர் மேசையிலிருந்தே தொடங்குகிறது.

மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை வேறு வழியில் போனது. அங்கே 1996 முதல் பத்தாண்டு தலைவராக இருந்த சண்முகத்தைப் பசுமைக்குக் கொண்டுவந்தது மின்கட்டண ரசீது. தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்டிக் கட்டி ஊராட்சிக் கஜானா கரைந்தது. முதலில் மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் சிறு இயந்திரம், பிறகு 2006-ல் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை. சுமார் 1.5 கோடி ரூபாய் செலவு, பெரும்பகுதி வங்கிக் கடன். ஊருக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைக்கும் ஏற்பாடு. ஊராட்சி ஒன்று இப்படிக் கடன் வாங்கிக் காற்றாலை வைக்கலாம் என்று யாரும் நோட்டீஸ் அடித்ததில்லை. ஓடந்துறைக்கு அமைச்சர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்த வழியில் போன ஊராட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்தாண்டு தொடர்ந்து ஒருவர் கையில் இருந்த நிர்வாகமும், கடனுக்கு அஞ்சாத மனமும் சேர்ந்து அமைவது அரிது.

பெரும்பாலான ஊர்களில் நடப்பது மரக்கன்று அரசியல்தான். அதன் கணக்கு எளிது. நூறு நாள் வேலையில் குழி வெட்டக் கூலி உண்டு, கன்று வனத்துறை நாற்றங்காலிலிருந்து வரும், நடுவிழாவுக்கு ஆட்கள் வருவார்கள். சித்திரை வெயிலில் குடம் தூக்கத்தான் ஆள் இல்லை. சீமைக்கருவேல ஒழிப்பும் அப்படித்தான். உயர் நீதிமன்றமே வலியுறுத்திய வேலை அது, தவறென்று சொல்ல வழியில்லை. ஆனால் வெட்டிய மரம் கரிமூட்டத்துக்கும் சூளைக்கும் ஏலம் போகும் சரக்கு. வேரைத் தோண்டாமல் மேலே மட்டும் வெட்டினால் இரண்டு மழையில் மறுபடி தழைக்கும், மறுபடி ஏலம் விடலாம். ஏரி மண் விஷயமும் இதே கதை. வண்டல் அள்ளி வயலுக்குக் கொண்டுபோக உழவருக்கு அரசே வழி செய்திருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லி லாரி லாரியாகப் போகும் மண் வயலுக்குப் போகிறதா, மனைப்பிரிவில் மேடு போடப் போகிறதா என்று கரையில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இந்தப் பிரசாரத்தின் பெரிய குறை இங்கேதான் தட்டுப்படுகிறது. அது சேர்ப்பதைப் பற்றியே பேசுகிறது. வேண்டாம் என்று சொல்வதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் (இன்று அகில்யாநகர்) மாவட்டத்து ஹிவரே பஜார் தண்ணீர்ப் பஞ்சத்திலிருந்து மீண்ட கதையைத் தமிழ்நாட்டு மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள். தலைவர் போபட்ராவ் பவாருக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததையும் சொல்வார்கள். அந்த ஊர் பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது, கரும்பு வைக்கக்கூடாது, ஆடுமாடுகளை இஷ்டத்துக்கு மேயவிடக்கூடாது என்று தனக்குத்தானே தடை விதித்துக்கொண்டதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். இங்கே ஒரு வேட்பாளர் போர் போடாதீர்கள் என்று சொல்லி ஓட்டுக் கேட்டால் டெபாசிட் தேறுமா?

ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் ஒன்றியங்களில் மறுக்க வேண்டிய பொருள் நிலம். தொழிற்சாலைகள் வந்தபின் வயல்கள் மனைகளாயின. ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்ற சொல் விளம்பரப் பலகைகளில் தரச்சான்று போல உலவிய காலம் அது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் தலைவரின் கையெழுத்தே போதும் என்று பிரிக்கப்பட்ட மனைகளில் வாய்க்காலும் வண்டிப்பாதையும் காணாமல் போயின. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டபிறகுதான் அந்தக் கையெழுத்தின் மதிப்பு குறைந்தது. ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் இல்லை என்ற புலம்பலை இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். ஏரியில் இல்லாத அதிகாரம் மனையில் இருந்தது. அது எப்படிச் செலவானது என்பதும் ஊர் அறிந்தது. உத்திரமேரூர்ப் பக்கம் போனால் கல்குவாரி. குத்தகை தருவது மாவட்ட நிர்வாகம், ஆனால் உரிமத் தொகையில் பங்கு உள்ளாட்சிக்கு வருகிறது. மலையைக் குடைந்து வரும் பணத்தில் தெருவிளக்கு எரியும் ஊரில், குவாரி வேண்டாம் என்று சொல்லும் வேட்பாளர் தன் வரவு செலவுத் திட்டத்தையே எதிர்த்துப் போட்டியிடுகிறார்.

வேண்டாம் என்று சொன்ன ஊரும் இந்த மாவட்டத்தில் உண்டு. 2022-ல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. 13 கிராமங்களில் 5,000 ஏக்கருக்கும் மேல் நிலம், அதில் கணிசமான பகுதி ஏரியும் குளமும் வாய்க்காலும். அந்தக் கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரத்தின் கிராம சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அடுத்த சபையிலும் போட்டது, அதற்கடுத்ததிலும். 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, ஆறும் பயன்பட்டன. 2024 மக்களவைத் தேர்தலில் ஊரே வாக்குச்சாவடிப் பக்கம் போகவில்லை என்று சொல்லுமளவுக்குப் புறக்கணித்தது. 2025-ல் மத்திய அரசின் கொள்கையளவிலான ஒப்புதல் வந்துவிட்டது. விமான நிலையம் தேவையா இல்லையா என்பது வேறு விவாதம். ஏரியைக் காப்போம் என்ற வாக்குறுதியைச் சொன்னபடியே காப்பாற்ற ஒரு ஊர் முழு மூச்சாக முயன்றாலும், கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் உள்ள எடை எவ்வளவு என்பதை ஏகனாபுரம் காட்டிவிட்டது. அரசியல் சட்டத்தின் பதினொன்றாம் அட்டவணையில் உள்ள 29 பொருள்களில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் இருக்கின்றன. மாநிலங்கள் ஊராட்சிக்குக் கொடுக்கலாம் என்ற பட்டியல்தான் அது. தமிழ்நாடு வேலையைக் கொடுத்தது, ஏரியைக் கொடுக்கவில்லை.

ஊராட்சி பற்றிய எந்தப் பேச்சும் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைத் தொடாமல் முடிவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அந்த விதிகளில், குடத்தில் பெயர்ச்சீட்டு போட்டு ஆள் எடுக்கும் குடவோலையை எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான பிராமணச் சபை அது என்பதைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு அதில் வேறொன்று இருக்கிறது. தோட்டத்துக்கு 12 பேர் கொண்ட வாரியம், ஏரிக்கு 6 பேர் கொண்ட வாரியம். ஏரிக்கென்று பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஆட்கள் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் அடுத்த முறை குடத்தில் பெயர் போட முடியாது. இன்று வேட்பாளர் தேர்தல் செலவுக் கணக்கைத் தராவிட்டால் போட்டியிடத் தகுதி இழக்கிறார். கொடுத்த வாக்குறுதிக்கு அப்படியொரு கணக்கு இல்லை.

இத்தனையும் கிராமத்துக்குள் நிற்கும் வாதம். காஞ்சிபுரத்தின் சிக்கல் கிராம எல்லைக்குள் அடங்குவதில்லை. பட்டுநூலில் இயற்கையாக உள்ள பசையைப் போக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைக்கவேண்டும். நூலின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிறகு சாயத்தொட்டி. அரக்கும் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் நூலில் ஏறியது போக மிச்சம் சாக்கடைக்கு. வாலாஜாபாத் சாலையில் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் ஒரு தலைவர் ‘பசுமை’ என்று சொன்னால் நெசவாளியின் மனதில் இரண்டு கேள்வி எழும்: தெருவில் பாவு நீட்ட நிழலும் இடமும் இருக்குமா, பட்டறைத் தண்ணீரை நிறுத்தச் சொல்லிப் பிழைப்பில் கைவைப்பார்களா? இரண்டுக்கும் நோட்டீஸில் பதில் இருப்பதில்லை. சிறு சாயப்பட்டறை தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. பொது நிலையம் கட்டுவது ஊராட்சியின் கையிருப்புக்கு எட்டாது.

நகரத்து நீரும் அப்படித்தான் பயணப்படுகிறது. மஞ்சள் நீர் கால்வாய் காஞ்சிபுரத்தின் கழிவைச் சுமந்து நத்தப்பேட்டை ஏரிக்குப் போகிறது. வேகவதி நகரத்தைக் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் சேர்கிறது. மேலே இருப்பது 2021-ல் மாநகராட்சியான நகரம், கீழே இருப்பவை ஊராட்சிகள். மேலே ஓட்டுக் கேட்பவருக்குக் கீழே ஓட்டு இல்லை. கீழே தலைவராக வருகிறவர் தன் எல்லைக்குள் எத்தனை கன்று நட்டாலும், வரும் தண்ணீரின் நிறத்தை மாற்ற அவருக்கு வழியில்லை.

இந்த இருவரும் ஒரே மேசையில் உட்காரச் சட்டத்தில் ஓரிடம் இருக்கிறது: மாவட்டத் திட்டக் குழு. ஊரக உறுப்பினர்களும் நகர உறுப்பினர்களும் மக்கள்தொகை விகிதப்படி தங்களுக்குள் ஆள்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பவேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஜூனில் அந்தத் தேர்தலும் நடந்தது. தலைமை மாவட்ட ஊராட்சித் தலைவருக்கு, அதாவது மஞ்சள் சீட்டில் வென்றவர்களில் ஒருவருக்கு. வேகவதிக்கு ஒரு திட்டம் போடவும், சாயக்கழிவுக்குப் பொது நிலையம் கேட்கவும், எந்த ஏரியை யார் பார்ப்பது என்று முடிவெடுக்க வற்புறுத்தவும் பொருத்தமான இடம் அதுதான். 2021-ல் தேர்வானவர்களின் காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்த முறை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வருகிறவரிடம் மரக்கன்றுக் கணக்கோடு இதையும் கேட்கலாம்: திட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதில் நம் ஒன்றியத்தின் சார்பில் பேசியது யார், நத்தப்பேட்டை ஏரி பற்றி என்ன எழுதிவைத்தார்கள்.