குளிர்காலமெல்லாம் ஊட்டும் மின்சாரம்

ஜெர்மனியில் 1997-ஆம் ஆண்டு முதல் பருவகாலப் பதிவுப் பலகை என்றோர் ஏற்பாடு வழக்கில் இருந்துவருகிறது. ஆண்டில் இரண்டு மாதங்களுக்குக் குறையாமலும் பதினொன்றுக்கு மேற்படாமலும் ஒரு காலத்தை வண்டிக்காரர் தேர்ந்துகொண்டால், அக்காலத்துக்கு மட்டும் வரியும் இன்ஷூரன்ஸும் கட்டினால் போதும். எஞ்சிய மாதங்களில் அந்த வண்டி பொதுச் சாலையில் ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. மோட்டார்ஹோம் என்னும் சக்கரம் பூட்டிய வீட்டை வைத்திருப்போரில் பலர் இந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பலகையின் ஓரத்தில் 04, 10 என்று இரண்டு எண்கள் இருந்தால், ஏப்ரல் முதல் அக்டோபர் வரையில்தான் அந்த வண்டிக்குச் சாலை உரிமை. நவம்பர் தொடங்கி மார்ச் முடிய 151 நாட்கள் அது சட்டத்தின் ஆணையாலேயே அசைவற்றுக் கிடக்கிறது. அடுப்பும் படுக்கையும் குளியலறையும் அத்தனை நாள் சும்மா கிடப்பதால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. பாட்டரி ஒன்றுதான் சும்மா இருக்கத் தெரியாத பொருள்.

இதற்குப் பரிகாரமாகப் பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழக்கம் எளிமையானது. வண்டியை வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தி, சுவரிலுள்ள மின்துளையிலிருந்து கம்பியை இழுத்து வண்டியில் செருகிவிட்டு, வசந்தம் வரும் வரையில் அதைக் கழற்றாமலே விட்டுவிடுகிறார்கள். வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் ஓயாமல் மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும். ஏப்ரலில் சாவியைத் திருப்பினால் என்ஜின் உயிர்பெறும். இவ்வழக்கத்தை நிந்திப்பது என் நோக்கமன்று. ஆனால் இதற்கு வழங்கிவரும் புகழில் பாதி இதற்கு உரியதல்ல என்பது என் அபிப்பிராயம்.

முதலில் இதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 1859-இல் பிரான்ஸ் தேசத்துக் காஸ்தோன் பிளான்தே ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு முதல் பாட்டரியைச் செய்த நாள் தொட்டு, அந்த இனத்தின் சுபாவம் மாறவில்லை. மின்சாரம் செலவாகுந்தோறும் இருவகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் நுண்மையாகப் படிகிறது. தாமதமின்றித் திரும்ப ஊட்டினால் அது மறைந்துவிடுகிறது. அப்படியே வாரக்கணக்கில் விட்டுவிட்டாலோ, நூலில் கற்கண்டு வளர்வதுபோல் படிகங்கள் பருத்து இறுகி, பிறகு எவ்வளவு ஊட்டினாலும் கரையாத நிலையை அடைந்துவிடுகின்றன. ஓய்ந்திருக்கும் பாட்டரியின் முனைகளில் அளந்தால் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டுவது நிறைவுக்கு அடையாளம், 12.2 என்றால் பாதி போய்விட்டது. 12.4-க்குக் கீழே இறங்கவிட்டு மாதக்கணக்கில் மறந்திருப்பது பாட்டரியின் ஆயுளைத் தெரிந்தே குறைப்பதாகும். ஓயாத மின்னூட்டம் இந்த இறக்கத்துக்கே இடம் தராது என்பதால், ஈய பாட்டரியின் முதற்பெரும் நோயை அது தடுத்துவிடுகிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்தப் புண்ணியம் செருகியவரைச் சேர்ந்ததா, சார்ஜரைச் சேர்ந்ததா? நல்ல சார்ஜர் 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றி, பாட்டரி நிறைந்ததை உணர்ந்ததும், 13.5 வோல்ட் அளவுக்குத் தானே தணிந்து நிற்கும். குளிருக்கேற்ப அந்த அளவைச் சற்றே உயர்த்திக்கொள்ளும் விவேகம் சிலவற்றுக்கு உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் உள்ள சார்ஜர்களுக்கோ இந்த விவேகம் கிடையாது. ஒரே அழுத்தத்தை நிறைந்த பாட்டரியின் மேலும் நிறையாத பாட்டரியின் மேலும் ஒன்றுபோலவே அவை செலுத்திக்கொண்டிருக்கும். நிறைந்த பின்னும் பாயும் மின்சாரம் அமிலத்திலுள்ள நீரை வாயுக்களாகப் பிரித்து வெளியேற்றுகிறது. நேர்மின் தகட்டின் சட்டத்தை மெல்ல மெல்ல அரிக்கிறது. மூடி திறக்கும் பழைய பாட்டரியானால் வாலை வடித்த நீரை ஊற்றிப் பாதியளவேனும் மீட்கலாம். 1957-இல் ஜெர்மனியின் சோன்னன்ஷைன் நிறுவனத்தில் ஓட்டோ யாஹே அமிலத்தைக் கூழாக்கி அடைத்த பாட்டரியைக் கொணர்ந்த பிறகு, மூடியே இல்லாத இனங்கள் பெருகிவிட்டன. அவற்றில் ஒருமுறை போன நீர் போனதுதான். பட்டினியால் சாகும் பாட்டரி மார்ச் மாதத்திலேயே தன் சாவைத் தெரிவித்துவிடும். அளவுமீறி ஊட்டப்பட்ட பாட்டரியோ இரண்டு மூன்று குளிர்காலம் நன்றாக இருப்பதாகவே பாவனை செய்துவிட்டுப் பிறகு கோடையின் நடுவில் கைவிடும். அப்போது யாரும் குளிர்காலத்துக் கம்பியின்மேல் குற்றம் சுமத்துவதில்லை. இவ்வழக்கத்தின் புகழுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு குறை இதைவிட விசித்திரமானது. மோட்டார்ஹோமில் பாட்டரி ஒன்றல்ல. விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் ஒன்று, என்ஜினைக் கிளப்ப மற்றொன்று. வெளியிலிருந்து வரும் மின்சாரம் வண்டிகள் பலவற்றில் முதலாவதை மட்டுமே போஷிக்கிறது. இரண்டாவதற்குச் சொற்பமாக ஒழுகவிடும் அமைப்பு சிலவற்றில்தான் உண்டு. எனவே கம்பியைச் செருகிய திருப்தியோடு உறங்குகிறவருடைய ஸ்டார்ட்டர் பாட்டரி, அபாய மணியும் திருட்டுத்தடுப்புக் கருவியும் ரேடியோவின் ஞாபகசக்தியும் உறிஞ்ச உறிஞ்ச, மௌனமாகக் காலியாகிக்கொண்டிருக்கக்கூடும். இவையெல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர்தான் இழுக்கின்றன என்று வைத்துக்கொண்டாலும், 151 நாட்களில் 108 ஆம்பியர்-மணி தீர்ந்துவிடும். இத்தகைய வண்டிகளின் ஸ்டார்ட்டர் பாட்டரி பெரும்பாலும் 100 ஆம்பியர்-மணிக்குக் குறைந்ததே.

இந்தக் கணக்கு மற்றொரு விஷயத்தையும் புலப்படுத்துகிறது. குளிர்காலத்தில் பாட்டரியைக் கொல்வது அதன் சொந்தப் பலவீனமன்று. அதன்மேல் தொங்கிக்கொண்டிருக்கும் சில்லறைச் செலவுகளே. தனித்து நிற்கும் பாட்டரி தானே இழக்கும் வேகம், வெப்பம் பத்து டிகிரி கூடுந்தோறும் ஏறத்தாழ இரட்டிக்கும். குறையுந்தோறும் அவ்வாறே பாதியாகும். அரிஸோனாவின் பாலைவனத்தில் வண்டியை நிறுத்தும் அமெரிக்கருக்கு ஓயாத மின்னூட்டம் அவசியமாக இருக்கலாம். பவேரியாவின் ஜனவரியில், எல்லாத் தொடர்பும் அறுக்கப்பட்ட நிறைந்த பாட்டரி மாதங்களைச் சுலபமாகக் கழித்துவிடும். அமிலம் உறைந்து பெட்டி பிளந்துவிடுமே என்று அஞ்சுவோர் உண்டு. காலியான பாட்டரியில் அது சைபருக்குக் கீழே ஏழெட்டு டிகிரியிலேயே நிகழக்கூடியதுதான். நிறைந்த பாட்டரியிலோ சைபருக்குக் கீழே ஐம்பது டிகிரியைத் தாண்டினாலன்றி உறைவதில்லை. ஜெர்மனியில் அந்தக் குளிர் இல்லை. ஆக, எந்தக் குளிருக்கு அஞ்சி மக்கள் கம்பியைச் செருகுகிறார்களோ, அந்தக் குளிரே, பாட்டரி நிறைந்திருக்குமாயின், கம்பியை அனாவசியமாக்கிவிடுகிறது.

வாரந்தோறும் பத்து நிமிஷம் என்ஜினை ஓடவிடும் உபாயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளப்பும்போது செலவானதை மீட்பதற்கே அந்த நேரம் சரியாகிவிடும். எண்ணெய் சூடேறுவதற்குள் நிறுத்தப்படும் என்ஜினில் ஈரம் தங்கும். பொதுச் சாலையில் காரணமின்றி என்ஜினை ஓடவிடுவதை ஜெர்மானியச் சாலை விதிகளே தடுக்கின்றன. கூரைமேல் சூரியப் பலகை வைத்திருப்போர், பண்ணைக்காரரின் களஞ்சியத்துக்குள் வண்டியை நிறுத்தினால் அதனால் பிரயோஜனம் ஏது? வைக்கோலும் மரமும் நிறைந்த அத்தகைய இடங்கள் பலவற்றில் நெருப்புக்கு அஞ்சி மின்இணைப்பும் தருவதில்லை. அங்கே இடம் பிடித்தவர்களில் சிலர் முப்பது கிலோ பாட்டரியைக் கழற்றிச் சுமந்து வீட்டு நிலவறையில் வைக்கிறார்கள். வைக்கும்போது கீழே ஒரு பலகையையும் போடுகிறார்கள், சிமெண்டுத் தரை மின்சாரத்தை உறிஞ்சிவிடும் என்ற நம்பிக்கையால். ரப்பர்ப் பெட்டிகளின் காலத்தில் அதற்கு ஏதோ ஆதாரம் இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை எதுவானாலும் ஒன்றே.

லித்தியம் பாட்டரி வந்ததிலிருந்து இவ்வழக்கம் முற்றிலும் தலைகீழாகிவிட்டது. ஈயத்துக்கு நிறைவு ஆரோக்கியம். லித்தியத்துக்கோ நிறைந்தபடியே நெடுங்காலம் நிற்பது ஆயுட்குறைவு. பாதிக்குச் சற்று மேலாக வைத்துத் துண்டித்துவிடுவதே அதற்கு உகந்தது; உறைபனியில் மின்சாரம் ஊட்டுவதோ அதற்கு நேரடியான தீங்கு. பழைய சார்ஜரோடு புதிய பாட்டரியைப் பூட்டிவிட்டுப் பழைய பழக்கத்தையும் தொடர்கிறவர், அதிகப் பணம் கொடுத்து வாங்கிய பொருளைப் பணம் கொடுத்தே கெடுக்கிறார். 15 வாட் இழுக்கும் சார்ஜர் அந்த 151 நாட்களில் 54 யூனிட் தின்றுவிடும்.

கழற்றிவைப்பதிலும் அசௌகரியம் இல்லாமலில்லை. அபாய மணி உறங்கிவிடும். மத்தியப் பூட்டு பொத்தானுக்குத் திறக்காது. சில ரேடியோக்கள் ரகசிய எண்ணைத் திரும்பக் கேட்கும். திருட்டு மலிந்த இடத்தில் திறந்தவெளியில் வண்டியை நிறுத்துகிறவருக்கு மணி ஒலிப்பதே முக்கியமென்றால், தணிந்து நிற்கத் தெரிந்த சார்ஜரும், அது இரண்டு பாட்டரிகளையும் எட்டுகிறது என்ற நிச்சயமும் இருக்குமாயின், கம்பி செருகியே இருக்கட்டும். மற்றவர்கள் நவம்பரில் ஈய பாட்டரி இரண்டையும் நிறைத்து, நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, ஜனவரியில் ஒருநாள் வோல்ட்மீட்டரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும், 12.5-க்கு மேல் காட்டினால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.