காதால் அறுக்கும் கை

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இன்று கண்ணில் படுபவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். இருந்தாலும் எங்காவது ஒரு மரப்படகு கவிழ்த்துப் போட்டிருக்க, பக்கத்தில் தச்சர் பலகை அறுக்கிறார் என்றால், அந்தச் சத்தத்துக்காகவே நான் நின்றுவிடுவேன். வெறுங்காற்றில் கீச்சிட்டுச் சுற்றும் மின்வாள், மரத்தைத் தொட்டதும் குரல் தணிந்து ஒரே சீரான முனகலாகிறது. அது குலையாமல் தள்ளுவதுதான் வித்தை. அவசரப்பட்டால் மோட்டார் திணறும். இழை பிய்ந்து விளிம்பு சிலும்பும். தயங்கினாலும் கெடுதல்தான். பல் வெட்டாமல் உரசும், மரம் கருகும், காந்தல் வாசனை மூக்கில் ஏறும். கை சரியாகப் போனால் விழும் தூள் மாவாக இராது, விரலில் சொரசொரவென்று நெருடும். வைரம் பாய்ந்த இடத்திலும் கணுவிலும் அவர் கை தானே நிதானிக்கிறது. எத்தனை வருடப் பொறுமை அது!

300 மில்லிமீட்டர் வாள் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், பல்லின் நுனி நொடிக்குச் சுமார் 47 மீட்டர் ஓடுகிறது. விட்டம் கூடக்கூட விளிம்பின் ஓட்டமும் கூடும். அதனால்தான் ஆணித்துளைக்கு விரைவாகச் சுற்றும் டிரில்லை, பெரிய போல்ட் துளைக்கு மெதுவாக்குகிறார். துடுப்பை இழைக்கும்போது முதல் ஓட்டம் தாராளம். கடைசி ஓட்டத்தில் மெஷினை மெல்ல நகர்த்துகிறார். ஒவ்வோர் அங்குலத்திலும் கத்தி கூடுதல் முறை படுவதால், நாள் முழுக்கப் பிடிக்கும் உள்ளங்கைக்கு உறுத்தாத வழவழப்பு வருகிறது.