எலிகள் விட்டுச்சென்ற கணக்கு

ருக்மிணி தேவி அருண்டேல் என்றால் மயிலாப்பூர் ரசிகர்களுக்குப் பரதநாட்டியம்தான் நினைவுக்கு வரும். 1960-ல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவரும் அவரே. அதன் 17-ஆம் பிரிவு, முடிந்த இடத்தில் விலங்குச் சோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது; செய்த சோதனைக்குத் தக்க பதிவேடு வைக்கவும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பழைய பதிவேடே புதிய சோதனையைத் தவிர்க்கும் வழி. நாமோ பதிவேடு என்றாலே தணிக்கைக்குக் காட்டத்தான் என்று பழகிவிட்டோம்.

கதிர்வீச்சு ஆய்வில் இது பெரிய நஷ்டம். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் 1970 முதல் 1992 வரை ஏறத்தாழ 50,000 சுண்டெலிகளை வைத்து நியூட்ரான், காமா கதிர்களின் விளைவை ஆராய்ந்தது. இன்று எந்த நெறிமுறைக் குழு இதற்கு அனுமதி தரும்? அந்தத் தரவும் மெழுகில் பதித்த திசுக்களும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கேல் வோலோஷாக் குழுவிடம் பத்திரமாக இருக்கின்றன. மெழுகுக் கட்டியிலிருந்து சில மைக்ரான் தடிமனில் ஒரு சீவல் எடுத்தால் போதும், அன்று யாருக்கும் தோன்றாத மரபணுக் கேள்விகளை இன்று கேட்கலாம்.

பழைய முடிவுகளையும் உரசிப் பார்க்கலாம். ஒரேயடியாகப் படும் கதிர்வீச்சின் தீங்கை வகுத்து, சிறுகச் சிறுகப் படும் கதிர்வீச்சின் தீங்கைக் கணக்கிட, அமெரிக்க அறிவியல் கழகக் குழு 2006-ல் 1.5 என்ற வகு எண்ணைத் தந்தது. 2015-ல் வோலோஷாக் குழு விரிவான பழைய விலங்குத் தரவை வைத்துப் பார்த்தபோது அந்தக் கணக்கின் அடித்தளமே ஆட்டம் கண்டது. இதற்காகப் புதிதாக ஓர் எலிகூடச் சாகவில்லை.

குறைகளும் உண்டு. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். ஒரே வகை எலியின் ஆயுளை வைத்து மனிதனை அளப்பது எப்போதும் சந்தேகத்துக்குரியது. அதைவிடச் சிக்கலானது, அன்று கேட்காத கேள்விக்கு ஏட்டில் பதில் இருக்காது. லண்டன் மரபியலர் ஹான்ஸ் குரூனெபர்க் குழு, கேரளத்தில் கதிரியக்கம் கொண்ட மோனசைட் மணல் கடற்கரையில் பிடித்த எலிகளின் எலும்பு மாறுபாடுகளை ஆராய்ந்து 1966-ல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் கதிர்வீச்சின் தெளிவான பாதிப்பு தென்படவில்லை; மனிதருக்கு வரும் நோயைப் பற்றி அது கேட்கவே இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து கன்னியாகுமரி மாவட்டக் கிள்ளியூரின் மணல் சுரங்கச் சண்டையில் 'ஆபத்தில்லை' என்று நீட்டினால், அது மறுபயன்பாடு அல்ல, மோசடி.

பதிவேட்டின் அருமைக்குச் சான்று அருகிலேயே உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையம் 1982 முதல் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை விடாமல் நடத்துவதால்தான், இங்கே கருப்பை வாய்ப் புற்று குறைவதும் மார்பகப் புற்று கூடுவதும் தெரிகிறது. விலங்குப் பதிவேடுகளுக்கும் அந்த அக்கறை வேண்டும். சோதனைக்கு அனுமதி கேட்கும்போதே, கதிரின் மூலம், அளவு, தீவனம், கூண்டில் எத்தனை எலி என்பதையெல்லாம் குறித்த ஏடு ஆய்வு முடிந்தபின் எங்கே போகும் என்று எழுதி வாங்கிவிடலாம்.