பிளாஸ்டிக் மாடலுக்கு எந்தப் பசை? நான்கு வகை, ஒரு ஸ்பிட்ஃபயர்

1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடலின் இறக்கை, நுனிக்கு நுனி சுமார் 15.6 செ.மீ.தான் இருக்கும். அதை ஒட்ட அசுர பலம் எதுவும் வேண்டாம். பசை வேண்டிய இடத்தில் மட்டும் போகிறதா, பாகத்தை நகர்த்திச் சரிசெய்ய நேரம் தருகிறதா, காய்ந்தபின் கறை விடுகிறதா என்ற மூன்றையும்தான் பார்க்க வேண்டும். நான்கு வகைப் பசைகளை அந்தக் கணக்கில் ஒட்டிப் பார்த்தேன்.

மாடல் கிட்டுகளில் பெரும்பாலானவை பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். இதற்கென விற்கும் 'சிமெண்ட்' உண்மையில் ஒரு கரைப்பான். இரண்டு பாகங்களின் ஓரத்தையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கவிட்டு, தான் ஆவியாகிவிடும். மிஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். அதனால்தான் சரியாக ஒட்டிய இணைப்பைப் பிறகு பிரித்தெடுக்க முடிவதில்லை.

டாமியா எக்ஸ்ட்ரா தின்

டாமியா நிறுவனத்தின் சிமெண்ட் இது, பச்சை மூடி போட்ட 40 மி.லி. குப்பி. நகப்பூச்சுக் குப்பிபோல மூடியிலேயே மெல்லிய பிரஷ். உள்ளே இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும், தண்ணீராக ஓடும். இதை முதலில் தடவிவிட்டு ஒட்டப் போனால் அதற்குள் காய்ந்துவிடும். இரு பாகங்களையும் பொருத்திப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும். இடுக்கு முழுக்கத் தானாக ஓடிப் பரவும். சில நொடி கழித்து மெல்ல அழுத்தினால், இளகிய பிளாஸ்டிக் மெல்லிய கோடாக வெளியே பிதுங்கும். ஒரு நாள் காயவிட்டு உப்புத்தாள் போட்டால் விமான உடலின் நடுக்கோடு மறைந்தே போகிறது.

ஒரு எச்சரிக்கை: இடுக்கின்மேல் விரல் இருந்தால் பசை விரலுக்கு அடியிலும் ஓடி, கைரேகையை பிளாஸ்டிக்கில் பதித்துவிடும். டேப் ஒட்டிப் பிடித்தாலும் இதே கதைதான்.

கெட்டியான சிமெண்டுகள்

சாதாரண டாமியா சிமெண்டில் பிசின் கலந்திருப்பதால் கெட்டியாக இருக்கும், மெதுவாகக் காயும். சக்கரக் கால்களின் கோணத்தைத் திருத்தி நிறுத்த இந்த அவகாசம் உதவுகிறது. ரெவல் நிறுவனத்தின் கான்டாக்டா புரஃபெஷனல் இதே ரகம்; பிரஷுக்குப் பதில் ஊசிக் குழாய் இருப்பதால் சொட்டுச் சொட்டாக வைக்கலாம். ஊசி அடைத்துக்கொள்வதுதான் தொல்லை. மெல்லிய கம்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபெவிக்விக் வகை

சயனோஅக்ரிலேட் பசைகள், 1958-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் வழியாகச் சந்தைக்கு வந்தவை. பெட்டிக்கடையிலும் கிடைக்கும், நொடியில் பிடிக்கும். ஆனால் பாலிஸ்டைரீன் இணைப்புகளுக்கு என் வாக்கு இதற்கில்லை. திருத்த நேரம் தராது. காய்ந்த இணைப்பு பக்கவாட்டில் தட்டுப்பட்டால் 'டக்'கென விடும். இது காற்றின் ஈரத்தால் இறுகும் பசை என்பதால் கடலோர ஊர்களில் இன்னும் வேகம். இதன் ஆவி பட்டால் விமானி அறையின் கண்ணாடி மூடியில் வெண்பனி படியும். பித்தளைத் தகட்டுப் பாகங்களுக்கும் ரெசின் பாகங்களுக்கும் மட்டும் இது கட்டாயம் வேண்டும். அங்கே கரைப்பான் சிமெண்ட் எடுபடாது.

வெள்ளைப் பசை

கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் நிறமற்றதாகிவிடும், அதிகமானதை ஈரத் துணியால் துடைக்கலாம், கண்ணாடி மங்காது. பிடிப்பு குறைவுதான். ஆனால் விமானி அறையின் மூடி எந்த எடையையும் தாங்கப் போவதில்லையே.

வாங்கும் முன்

பெயிண்ட் அடித்த பரப்பில் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது. ஒட்டும் விளிம்பில் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள். வழவழப்பான பாலித்தீன் பாகங்களில் இந்த நான்குமே நிற்காது. சிமெண்டுகள் எளிதில் தீப்பற்றும், ஆவியும் தலையைச் சுற்றவைக்கும். ஜன்னலைத் திறந்து, அடுப்பிலிருந்தும் விளக்கிலிருந்தும் தள்ளி உட்காருங்கள். நெடி ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆரஞ்சு வாசனை கொண்ட டாமியா லிமோனீன் சிமெண்டை முயலலாம். காய நேரம் கூடுதலாகும்.

தீர்ப்பு

ஒரே ஒரு குப்பிக்குத்தான் காசு என்றால் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின். கண்ணாடிக்கு வீட்டில் இருக்கும் வெள்ளைப் பசையே போதும். பித்தளைத் தகடு, ரெசின் என்று இறங்கும்போது ஃபெவிக்விக் வாங்கிக்கொள்ளலாம். எந்தப் பசையானாலும், பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒருமுறை சோதித்துவிட்டு மாடலில் கை வையுங்கள்.